அம்மாவுக்கு நான் கொடுத்த மாத்திரை

செந்திலுக்கு,

போன வெள்ளிக்கிழமை நீ போனில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல், லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. "நெஞ்சு படபடன்னு அடிக்குதுப்பா. மெஷின்கிட்ட நிக்கும்போது கை நடுங்குது. இசிஜி எடுத்துப் பார்த்தாங்க, ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. நீங்க சாப்புடுவீங்களே ஒரு மாத்திரை, அது பேரு என்னா?" என்று கேட்டாய். அதன் பெயரை நான் உனக்குச் சொல்லப் போவதில்லை. வேறு யாராவது சொன்னாலும் நீயாக வாங்கிச் சாப்பிடாதே. ஏழு வயது வரை மழை பிடித்துக்கொண்டால் உனக்கு மூச்சு இளைக்கும். உன்னைத் தோளில் சாய்த்துக்கொண்டு அம்மா மணிக்கணக்காக நடப்பாள். உனக்கு அது ஞாபகம் இருக்காது. உன் உடம்பில் அம்மாவின் வாகு கொஞ்சம் இருக்கிறது. அதனால்தான் கூடாது என்கிறேன். ஏன் என்று முழுதாகச் சொல்ல வேண்டுமானால், போன வருஷம் ஐப்பசியில் நம் வீட்டில் நடந்ததைத் திரும்பவும் சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்தது அதில் பாதிதான். மற்றப் பாதியை உன்னிடமிருந்து மறைத்தவன் நான்.

அந்த மாத்திரை என்னிடம் எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். அதற்கு முந்தின மார்கழியில், சுனாமியாகக் கடல் உள்ளே வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் உப்பளத்து இன்ஜின் கொட்டகையில் இருந்தேன். பாத்திகளில் வேலை இல்லாத நேரம். தை பிறந்ததும் தண்ணீர் இறைக்க வேண்டுமே என்று இன்ஜினைப் பிரித்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாய்க்காலில் தண்ணீர் சுழித்துக்கொண்டு மேலே ஏறி வந்ததைப் பார்த்தேன். அடுத்து எனக்கு நினைவிருப்பது வரப்பின் மேல் ஓடியதுதான். ஐம்பத்திரண்டு வயதில் என்னால் அப்படி ஓட முடியும் என்று எனக்கே தெரியாது. ரோட்டு மேட்டில் ஏறி நின்ற பிறகுதான் உள்ளங்கால் கிழிந்து ரத்தம் கொட்டுவதைக் கண்டேன். வலி தெரியவே இல்லை. கையெல்லாம் சில்லென்று இருந்தது, நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டது, நெஞ்சு மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் வடிந்துவிட்டது. என் நெஞ்சு அடங்கவில்லை. மாசியில் சேறு அள்ளி முடித்து இன்ஜினை ஓட்டினால், அந்தச் சத்தம் கேட்டதுமே எனக்குப் படபடப்பு வந்துவிடும். திண்டிவனத்து டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, "பயந்துட்டீங்க, அவ்வளவுதான். கொஞ்ச நாளைக்கு இதைச் சாப்புடுங்க" என்று எழுதிக் கொடுத்தார். எழுதுவதற்கு முன்னால், "உங்களுக்கு இளைப்பு உண்டா?" என்று கேட்டார். இல்லை என்றேன். நெஞ்சுப் படபடப்புக்கு மருந்து கொடுப்பவர் எதற்கு இளைப்பைப் பற்றிக் கேட்கிறார் என்று நான் யோசிக்கவில்லை. அன்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மாத்திரை எனக்கு நன்றாகக் கேட்டது. அரை மணி, முக்கால் மணியில் நெஞ்சு சாதுவாகிவிடும். கை நடுக்கம் நின்றுவிடும். சட்டைப் பையில் எப்போதும் ஒரு அட்டை வைத்திருப்பேன். அந்த நாட்களில்தான் நீ உன் பாலிடெக்னிக் சிநேகிதர்களோடு குப்பத்துக்குப் போய், தகரக் கொட்டகைகளில் இருந்தவர்களுக்கு அரிசியும் பாயும் கொடுத்துக்கொண்டிருந்தாய். கொட்டகையில் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாட்டும் எழுத்தும் சொல்லிக்கொடுத்த கலையரசியை அங்கேதான் பார்த்தாய். ஏழெட்டு மாதம் எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஐப்பசியில் ஒரு வாரமாக விடாமல் பெய்துகொண்டிருந்தபோது, மத்தியானச் சாப்பாட்டில் உட்கார்ந்து சொன்னாய்.

அன்று அம்மா பேசியதை நான் இங்கே எழுதப் போவதில்லை. உனக்கும் மறந்திருக்காது. கடற்கரைக் குப்பத்தில் பெண் எடுத்தால் ஊரில் யார் முகத்தில் விழிப்பது என்று அவள் கத்தினாள். நீயும் கத்தினாய். "எனக்கு அவதான். உங்களுக்கு வேணான்னா நான் இந்த வீட்டுக்கே வரலை" என்று சொல்லிவிட்டுத் தட்டில் கை கழுவி எழுந்து போனாய். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவை வைத்து உன்னைத் தடுத்துவிடலாம், நான் கெட்ட பெயர் வாங்க வேண்டாம் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு. நான் எந்தப் பக்கம் என்று நீ ஒருமுறை திரும்பிப் பார்த்தாய். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

நீ பஸ் ஸ்டாண்டுக்குப் போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அம்மாவுக்கு இளைக்க ஆரம்பித்தது உண்மை. மழை ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். பம்ப்பை எடுத்து வாயில் அடித்துக்கொண்டாள். அது போதாதென்று இளைப்பு மாத்திரையும் போட்டுக்கொண்டாள். சீக்கிரமே மூச்சு சரியாகிவிட்டது. இதைத்தான் நீ ஒன்றுக்கு இரண்டு தடவை படிக்க வேண்டும். மூச்சு சரியாகிவிட்டது, செந்தில். எழுந்து பாத்திரம் கழுவினாள். உன் தட்டைத் தேய்க்கும்போது கொஞ்சம் அழுதாள். கூடத்தில் வந்து உட்கார்ந்தவள், "ஏங்க, நெஞ்சு கிடுகிடுன்னு அடிச்சிக்குது. கையப் பாருங்க, எப்படி ஆடுது" என்று நீட்டினாள். என் கை எப்படி ஆடுமோ அப்படியே ஆடியது. எனக்கு வந்ததுதான் அவளுக்கும் வந்திருக்கிறது என்று நினைத்தேன். பையிலிருந்து அட்டையை எடுத்து ஒன்றைப் பிய்த்துக் கொடுத்தேன்.

"இது என்னா மாத்திரை?"

"என்னுதுதான். படபடப்புக்கு. போட்டுக்க, செத்த நேரத்துல நின்னுடும்."

"எனக்கு ஒத்துக்குமா?"

"எனக்கு ஒத்துக்குது, உனக்கு ஒத்துக்காதா?"

தண்ணீரும் நானேதான் எடுத்துக் கொடுத்தேன். சொன்ன மாதிரியே நடுக்கம் குறைந்தது. "அடங்கிடுச்சுங்க" என்றாள். என் வைத்தியம் பலித்துவிட்டது என்று எனக்கு ஒரு சந்தோஷம். கொஞ்ச நேரத்தில் ஒரு மாதிரியாக இருமினாள். முதுகை நிமிர்த்திக்கொண்டாள். இரண்டு கையையும் தொடையில் ஊன்றிக்கொண்டு மூச்சை இழுத்தாள். இழுத்தது வெளியே வரவில்லை. பம்ப்பை அடித்தாள், மறுபடியும் அடித்தாள். எத்தனையோ வருஷமாக அவளைக் காப்பாற்றிய பம்ப் அன்று வெறும் காற்றாகப் போனது. பக்கத்து வீட்டு ராஜி ஆரோவிலில் ஓட்டுகிற வேனோடு சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தான். அவனைக் கூப்பிட்டு, மழையில் பஸ் வராமல் இன்னும் பஸ் ஸ்டாண்டிலேயே நின்றிருந்த உன்னையும் ஏற்றிக்கொண்டு புதுச்சேரிக்குப் போனோம். வழி நெடுக அம்மாவின் தலையை மடியில் தாங்கிக்கொண்டு, "நான் போவலம்மா, எங்கேயும் போவலம்மா" என்று நீ சொல்லிக்கொண்டே வந்தாய். முன் சீட்டில் உட்கார்ந்து நான் கேட்டுக்கொண்டு வந்தேன்.

ஆஸ்பத்திரியில் முகமூடி மாட்டி மருந்துப் புகை வைத்தார்கள். ஒரு டாக்டரம்மா, உன்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். "வேற ஏதாவது மாத்திரை சாப்பிட்டாங்களா? பிரஷருக்கு, ஹார்ட்டுக்கு?" என்று கேட்டார். நீ என் பக்கத்தில் நின்றாய். "இல்லம்மா" என்றேன். அது என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பயம் என்று சொல்லலாம். பிள்ளை எதிரில் குற்றவாளியாக நிற்கக் கூசினேன் என்றும் சொல்லலாம். இரண்டாவது தடவை புகை வைத்தார்கள். மார்பில் குழாய் வைத்துப் பார்த்த டாக்டரம்மாவின் முகம் மாறியது. அம்மாவின் உதடு நாவல் பழம் தின்றதுபோல ஆகிவிட்டது. உன்னை ஊசி மருந்து வாங்கிவர வெளியே அனுப்பினார்கள். நீ ஓடினாய். டாக்டரம்மா என் கண்ணைப் பார்த்து, "ஐயா, நல்லா யோசிச்சு சொல்லுங்க. இந்த மருந்துக்கு இவங்க மூச்சு திறக்கணும், திறக்கல. ஏதோ ஒண்ணு தடுக்குது" என்றார். நான் சட்டைப் பையிலிருந்த அட்டையை எடுத்து அவர் கையில் வைத்தேன். அவர் திட்டவில்லை. பெயரைப் படித்ததும் நர்ஸிடம் வேறு மருந்து சொன்னார், ஆக்ஸிஜனைக் கூட்டச் சொன்னார், ஊசியை மாற்றினார். நீ திரும்பி வரும்போது எல்லாம் மாறியிருந்தது. ஏன் என்று உனக்குத் தெரியாது.

மறுநாள் காலை அம்மா கண் திறந்து தண்ணீர் கேட்ட பிறகு, அந்த டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரு சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டு விளக்கினார். எனக்குப் புரிந்த அளவுக்கு எழுதுகிறேன். உன் படிப்புக்கு இன்னும் நன்றாகப் புரியும். பயமோ கோபமோ வந்தால், சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல உட்கார்ந்திருக்கிற சுரப்பி அட்ரினலினை ரத்தத்தில் விடுகிறது. ரத்தம் அதை உடம்பு முழுக்கக் கொண்டு போகிறது. போகிற இடத்திலெல்லாம் அதைப் பிடித்துக்கொள்ள ரிசெப்டார் இருக்கிறதாம். தமிழில் ஏற்பி என்று எழுதிக் காட்டினார். எல்லா இடத்திலும் ஒரே ஏற்பி இல்லை. தோலுக்கும் குடலுக்கும் போகிற ரத்தக் குழாய்களில் ஆல்பா என்ற வகை அதிகம். அதனால் அவை சுருங்குகின்றன. அன்று வரப்பில் ஓடியபோது என் கை சில்லிட்டது அதனால்தான். கண்மணி விரிவதற்கும் அந்த வகைதான் காரணம். இருதயத்தில் இருப்பது பெரும்பாலும் பீட்டா ஒன்று. அது தூண்டப்பட்டால் துடிப்பு வேகமாகும், பலமாகும். மூச்சுக் குழாயில் இருப்பது பீட்டா இரண்டு. அது தூண்டப்பட்டால் குழாயைச் சுற்றியுள்ள தசை தளர்ந்து வழி விரிகிறது. ஓடுகிறவனுக்குக் காற்று வேண்டுமே. கை கால் தசைகளிலும் அந்த இரண்டாவது வகை உண்டு. கை நடுங்குவது அதனால். கல்லீரல்கூட அந்த நேரத்தில் சர்க்கரையை ரத்தத்தில் விடுமாம். ஒரே சரக்குதான், இருதயத்தை முடுக்குகிறது, மூச்சுக் குழாயைத் தளர்த்துகிறது, குடலை மெதுவாக்குகிறது.

அம்மாவின் பம்ப்பும் இளைப்பு மாத்திரையும் மூச்சுக் குழாயில் இருக்கிற அந்த இரண்டாவது ஏற்பியைத் தூண்டுகிற மருந்துகள். மாத்திரையாகக் கூடுதலாகப் போகும்போது அது கைத் தசையையும் இருதயத்தையும் கொஞ்சம் தொட்டுவிடும். அன்று அவளுக்கு வந்த நடுக்கமும் படபடப்பும் பெரும்பாலும் அந்த மருந்தால் வந்தவை. சும்மா உட்கார்ந்திருந்தால் தானாகவே அடங்கியிருக்கும். என் மாத்திரையோ அந்த ஏற்பிகளை மறித்து உட்கார்ந்துகொள்கிற மருந்து. இருதயத்தில் இருப்பதை மட்டும் மறிக்கிற வகைகள் இருக்கின்றனவாம், அவற்றைக்கூட இளைப்புக்காரர்களுக்கு யோசித்துத்தான் கொடுப்பார்களாம். என்னுடையது இரண்டையும் மறிக்கிற வகை. எனக்கு இளைப்பு இல்லை, அதனால் ஒன்றும் செய்யவில்லை. அவளுக்கு மூச்சுக் குழாய் இறுகிவிட்டது. பம்ப் அடித்தாலும் புகை வைத்தாலும் அந்த மருந்து போய் உட்கார இடம் இல்லை. அதனால்தான் வேறு வழியாக வேலை செய்கிற மருந்தை வைத்துக்கொண்டு, என் மாத்திரையின் பிடி விடும்வரை அவளைத் தாங்கிப் பிடித்தார்கள்.

நான் அவரிடம் ஒன்று கேட்டேன். "பையனோட சண்டை போட்டாம்மா. அதனால வந்திருக்குமா?" அவர் யோசித்துத்தான் சொன்னார். "அழுகை, கோபம் எல்லாம் இளைப்பைக் கொஞ்சம் கிளப்பிவிடும். இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா அது பம்ப்புக்கே சரியாயிடுச்சுன்னு நீங்களே சொல்றீங்க. உயிர் போற அளவுக்குக் கொண்டு வந்தது அந்த மாத்திரைதான். அந்தப் பையன் வெளியே உக்காந்து அழுதுட்டு இருக்கார். போய்ச் சொல்லுங்க. அம்மாகிட்டயும் சொல்லுங்க, இனி எப்பவும் அந்த மாத்திரையை அவங்க தொடக் கூடாது." சரி என்று தலையாட்டினேன்.

வார்டுக்குத் திரும்பினேன். நீ அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு கட்டில் ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தாய். "இனிமே அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேம்மா. கலைகிட்ட சொல்லிடறேன். நீ பொழைச்சு வந்தா போதும்" என்றாய். சொல்ல வேண்டிய நேரம் அதுதான். வாயைத் திறந்தேன். அம்மா உன் தலையில் கை வைத்தாள். எது நடக்க வேண்டும் என்று நான் நினைத்திருந்தேனோ அது என் கண்ணெதிரே தானாக நடந்துகொண்டிருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். மாத்திரை கொடுத்தது அறியாமை. அதை யாரும் மன்னிப்பார்கள். கட்டிலருகில் நின்று வாயை மூடிக்கொண்டதை நான் தெரிந்தே செய்தேன். பிறகு சொல்லிக்கொள்ளலாம், உடம்பு தேறட்டும், நீ ஸ்ரீபெரும்புதூரில் வேலையில் சேரட்டும் என்று ஒவ்வொரு சாக்காகத் தேடிக்கொண்டேன். நீ பொங்கலுக்கு வந்து ஒரே நாளில் திரும்பினாய். முகம் ஒட்டிப்போயிருந்தது. கிளியனூரில் உனக்காக நாங்கள் பேசி வைத்திருந்த பெண்ணின் போட்டோவைக் காட்டியபோது, அதைப் பார்க்காமலேயே "உங்க இஷ்டம்ப்பா" என்றாய். அந்த வார்த்தை என்னைக் குத்தியது. குத்தியும் நான் சொல்லவில்லை.

என் வாயால் வெளிவராதது ஒரு காகிதத்தால் வெளியே வந்தது. போன மாதம் அம்மாவின் பம்ப் வாங்குவதற்காகப் புதுச்சேரிக்குப் போயிருந்தோம். புதிதாக வந்திருந்த டாக்டர் பழைய சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இந்த மாத்திரை உங்களுக்கு ஆவாதுன்னு பெருசா எழுதியிருக்கு. இதை யார் உங்களுக்குக் கொடுத்தா?" என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். பஸ்ஸில் காலாப்பட்டு தாண்டும்வரை அவள் அந்தச் சீட்டைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு கேட்டாள்.

"அன்னிக்கு நீங்க குடுத்த மாத்திரையா?"

"ஆமா."

"எப்பத்திலருந்து தெரியும்?"

"மறுநாள்லருந்து."

"அவன் என் காலப் புடிச்சிக்கிட்டு அழுதானே, அப்பவே தெரியுமா?"

"தெரியும் சரோஜா."

அப்புறம் எட்டு நாள் என்னோடு அவள் பேச்சு இல்லை. சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள். ஒன்பதாம் நாள் காலை காபியை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "எனக்கு மூச்சு போனதப் பத்தி நான் பேசலைங்க. தெரியாம செஞ்சீங்க. ஆனா அந்தப் புள்ள ஒரு வருஷமா அம்மாவக் கொல்லப் பார்த்தோம்னு நெனச்சிக்கிட்டு இருக்கான். எனக்கு அந்தப் பொண்ண இப்பவும் புடிக்கலை. நாளைக்கும் புடிக்குமான்னு தெரியாது. அதுக்காகப் பொய்ய வச்சி என் புள்ளையக் கட்டிப்போட மாட்டேன். நீங்களே அவனுக்குச் சொல்லுங்க" என்றாள். அதற்கும் பிறகு நான் பத்து நாள் கடத்தினேன். நீ போன் செய்து என் மாத்திரையின் பெயரைக் கேட்டபோதுதான், என் வாய் இன்னொரு உயிரையும் வாங்கப் பார்க்கிறது என்று உறைத்தது.

உன் படபடப்புக்கு என்ன காரணம் என்று எனக்குத் தெரியாது. அன்று அம்மாவின் கையைப் பார்த்து எனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்த மாதிரி இன்று நினைக்க மாட்டேன். மனசில் சுமந்துகொண்டிருப்பதால் இருக்கலாம். ரத்தப் பரிசோதனையில் தெரியக்கூடிய வேறு எதுவாகவும் இருக்கலாம். திரும்பவும் டாக்டரிடம் போ. சின்ன வயதில் உனக்கு இளைத்ததையும் அம்மாவுக்கு இன்றும் இளைப்பதையும் அவர் கேட்காவிட்டாலும் நீயே சொல். எந்த டாக்டர் எதைக் கேட்டாலும் வெட்கப்படாமல் உள்ளதைச் சொல். உன் அப்பன் சொல்லாமல் இருந்த அந்த இருபது நிமிஷத்தில் உன் அம்மாவின் உதடு எந்த நிறத்துக்குப் போனது என்று நீ பார்த்திருக்கிறாய்.

திங்கட்கிழமை கிளியனூருக்குப் போய், பையனைக் கேட்காமல் நாங்களாகப் பேசிவிட்டோம், தப்பு எங்களுடையது என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர்களுக்குக் கோபம்தான். கேட்டுக்கொண்டேன். நேற்று குப்பத்துக்குப் போனேன். தகரக் கொட்டகைகள் இப்போது இல்லை, புது வீடுகள் கட்டிவிட்டார்கள். அங்கே பால்வாடியில் கலையரசி வேலை செய்கிறாள். பிள்ளைகள் சாப்பிட்டு முடியும்வரை வாசலில் நின்றேன். என்னை யார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. "உள்ள வாங்க" என்று பாய் போட்டாள். இந்தக் கடிதத்தில் உனக்கு எழுதியிருப்பதை எல்லாம் அவளிடம் சொன்னேன். கடைசியில், "அம்மா இப்ப எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள். நன்றாக இருக்கிறாள் என்றேன். "அவருக்குத் தெரியுமா?" என்றாள். இன்னும் தெரியாது, எழுதப் போகிறேன் என்றேன். "என்னாலதான் அவங்க அம்மாவுக்கு அப்படி ஆச்சுன்னு நானும்தான் நெனச்சிட்டு இருந்தேன்" என்றாள். உன்னோடு சேர்த்து இன்னொருத்தியையும் நான் ஒரு வருஷம் தண்டித்திருக்கிறேன் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவள் உனக்காகக் காத்திருக்கிறாளா என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்கும் இடத்தில் நான் இல்லை. நீ வந்து கேள்.

அப்பா